காய்ச்சலின் பெயரைத் தேடிய கமலவேணி அம்மையார்

வார்டில் காலை மருந்து கொடுத்துக்கொண்டிருந்தபோது அலுவலகத்திலிருந்து கூப்பிட்டார்கள். ஓசூரிலிருந்து தொலைபேசி. "அக்கா போயிட்டாங்க, சிஸ்டர்" என்றார் டாக்டர் கமலவேணியின் தம்பி. புற்றுநோய் முற்றி விடுப்பில் போனவர் திரும்ப மாட்டார் என்று தெரியும். ஆனாலும் கையிலிருந்த மருந்துத் தட்டை எங்கே வைப்பதென்று எனக்குப் புரியவில்லை.

எண்பதுகளின் கடைசியில் கிருஷ்ணகிரியில் எங்கள் மருத்துவமனை ஆய்வகத்துக்கு அவர் வந்தார். நான் குழந்தைகள் வார்டில் செவிலி. மழைக்காலம் தொடங்கினால் பர்கூர்ப் பக்கத்திலிருந்து காய்ச்சலும் வலிப்புமாகக் குழந்தைகள் வருவார்கள். பலர் கண் திறக்காமலே போய்விடுவார்கள். மூளைக்காய்ச்சல் என்று எழுதுவோம். எந்தக் கிருமி என்று தெரியாது. கொசு பரப்பும் வைரஸ் என்று அம்மையார் சந்தேகப்பட்டு, தடுப்பூசி கேட்டு எழுதினார். ஆய்வகச் சான்று இல்லாமல் தடுப்பூசி ஒதுக்க இயலாது என்று மேலிடம் பதில் எழுதியது.

வைரஸைக் கண்டறியும் வசதி பெங்களூரில்தான் இருந்தது. காய்ச்சல் வந்தவுடன் எடுத்த ரத்தத்தையும், இரண்டு வாரம் கழித்து எடுத்ததையும் ஒப்பிட்டால்தான் உறுதி சொல்வார்கள். "ரெண்டு வாரம் உசுரோட இருக்கிற கொழந்தைக்கு நான் எங்க போவேன், சிஸ்டர்?" என்று கேட்டார். இறந்த குழந்தை என்றால் மூளையிலிருந்து துளி திசு வேண்டும்.

அந்த ஆண்டு மஞ்சுளா இறந்தாள். ஆறு வயது. தகப்பனார் கிரானைட் குவாரியில் வேலை செய்பவர். அம்மையார் பெற்றோர் இருவரோடும் தரையில் உட்கார்ந்தார்.

"பாப்பாவைக் காப்பாத்த முடியல. என்ன நோவுன்னு சொல்லவும் முடியல. மூக்கு வழியா ஊசி விட்டுத் துளி எடுத்தா கண்டுபுடிக்கலாம். நீங்க சரின்னாதான்."

"உசுரோட இருந்தப்ப குத்துனது போதாதாங்க?" என்றார் தகப்பனார்.

அப்போது பக்கத்துக் கட்டிலில் இன்னொரு குழந்தைக்கு வலிப்பு வந்தது, நான் ஓடினேன். மஞ்சுளாவின் தாய் ரத்தினம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எடுத்துக்கங்கம்மா" என்றார். "மொகத்துல மட்டும் ஒண்ணும் தெரியக் கூடாது."

திசுவை ஐஸ் நிரப்பிய பிளாஸ்கில் வைத்து நாங்கள் இருவரும் பஸ் ஏறினோம். ஓசூரில் இறக்கிவிட்டார்கள். கர்நாடகத்தில் பந்த், எல்லைக்கு அப்பால் வண்டி போகாது. சாலையோரம் நின்றிருந்த லாரி ஒவ்வொன்றிடமும் அம்மையார் போய்த் தமிழிலும் கன்னடத்திலும் கெஞ்சினார். "வண்டியக் கொளுத்திட்டா உங்களுக்கு யாரும்மா பதில் சொல்றது?" என்றார் ஒரு டிரைவர். தொழிற்பேட்டையில் கம்பெனி கம்பெனியாக ஐஸ் கேட்டு அலைந்தோம். ஆள் வராமல் பாதி பூட்டிக் கிடந்தது. ஒரு கேன்டீனில் கிடைத்த கொஞ்சமும் மறுநாள் கரைந்தது. வழி திறந்து பெங்களூர் சேர்ந்தபோது மாதிரி கெட்டுவிட்டிருந்தது. அதிலிருந்து வைரஸை வளர்த்துக் கண்டறிய அவர்களால் முடியவில்லை.

இதைச் சொல்ல அம்மையாரே பர்கூர் போனார், நானும் கூடப் போனேன். ரத்தினம்மா வாசலில் நின்று கேட்டார்.

"அப்ப அவள எதுக்குங்க குத்துனோம்?"

குத்தினீர்கள் என்று சொல்லவில்லை, குத்தினோம் என்றார். திரும்பும் வழியெல்லாம் அம்மையார் பஸ் ஜன்னலோரம் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்.

அடுத்த ஆண்டு ஒரு பையன் பிழைத்தான். இரண்டு ரத்தமும் கிடைத்தன. ஜப்பானிய மூளைக்காய்ச்சல் என்று பெங்களூர் உறுதி செய்தது. "பேரு கெடச்சிருச்சு, சிஸ்டர்" என்றவர், போய் அந்தப் பையனின் கட்டிலருகே உட்கார்ந்தார். அவனுக்குப் பேச்சு திரும்பவில்லை. முடிவை மேலிடத்துக்கு அனுப்பினோம். தடுப்பூசி கையிருப்பில் இல்லை என்றார்கள். அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் கேட்டார். ஒவ்வோர் ஆண்டும் அதே பதில்.

போன மாதம் ஓசூரில் பார்த்தபோது எலும்பும் தோலுமாகக் கிடந்தார். "இந்த வருசம் எத்தன பேரு?" என்றார். சொன்னேன். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

தகனம் முடிந்து நேராக வார்டுக்கு வந்தேன். எல்லாக் கட்டிலும் நிரம்பியிருக்கிறது. இதை எழுதும்போதே ஒரு தாய் வந்து, "சிஸ்டர், கொழந்தைக்குக் கண்ணு மேல சொருவுதுங்க" என்கிறார். நான் எழுந்து போக வேண்டும், டாக்டரம்மா. உங்களுக்காக உட்கார்ந்து அழக்கூட இந்த மழைக்காலம் விடவில்லை. நீங்களாவது உறங்குங்கள்.