ராஜமாதாவுக்கு எழுதிய வசனம்

எங்கள் தமிழ்ச் சங்கத்தின் கலைவிழாவுக்குச் சரித்திர நாடகம் ஒன்று எழுதித் தரும்படி கேட்டபோது உடனே ஒத்துக்கொண்டேன். யாழ்ப்பாணத்தில் சரித்திரம் படித்துப் பட்டம் பெற்றவள் என்பதால் கேட்டார்கள். நான் ஒத்துக்கொண்ட காரணம் வேறு. நாடகக் குழுவின் தலைவி என் மச்சாள், கணவரின் தமக்கை. எந்த நாடகம் என்றாலும் ஆகக் கூடுதலான வசனம் உள்ள பாத்திரத்தைத் தானே எடுத்துக்கொள்வார்.

என் கலியாணத்தைப் பேசி முடித்தவரும் அவர்தான். படம் பார்த்து, சாதகம் பொருத்தி, என்னை ஒக்லாந்துக்கு எடுப்பித்தார். இருபத்துநான்கு வயதில் பிளாக்ஹவுஸ் பே என்ற பகுதியில் அவர் வீட்டுக் கீழறையில் வந்து இறங்கினேன். முதல் கிழமையே, ஏழு நாள் முடியுமுன், என் பாஸ்போர்ட்டை வாங்கித் தன் அலுமாரியில் வைத்தார்.

"துலைஞ்சா விசாக் கரைச்சல். என்னட்டை இருக்கட்டும்."

பட்டச் சான்றிதழைக் காட்டியபோது, "உந்தச் சரித்திரத்தை வைச்சு இஞ்ச புட்டும் அவிக்கேலாது" என்றார். கணவர் பக்கத்தில் நின்று சிரித்தார். கெட்ட மனிதர் இல்லை. அக்கா கதைக்கும் இடத்தில் அவருக்கு வாய் இல்லை.

இரண்டாம் வருடம் ஒரு புதன்கிழமை காலை தம்பி அழைத்து, அப்பா போய்விட்டார் என்றான். நான் வெளிக்கிட்டால் போதும், எனக்காக உடலை ஒரு நாள் கூட வைத்திருப்பார்களாம். அந்தச் சனிக்கிழமை மச்சாளின் கணவருக்கு ஐம்பதாவது பிறந்தநாள். நூற்றைம்பது பேருக்குச் சாப்பாடு, பாதிச் சமையல் என் தலையில். நான் மேலே போய்ப் பாஸ்போர்ட்டைக் கேட்டேன்.

"நீர் போனா, செத்த மனுசன் எழும்பி வந்து வா மகள் எண்டு கூப்பிடப் போறாரே? இஞ்ச உயிரோட இருக்கிறவைக்கு வேலை கிடக்கு" என்றார். பிறகு குரலைத் தணித்து, "சனிக்கிழமை முடியுமட்டும் ஒருத்தருக்கும் சொல்லாதையும். நல்ல காரியத்தில அபசகுனம்" என்றார்.

கணவரைப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே கழுவி வைத்த கோப்பையைத் திரும்பவும் கழுவிக்கொண்டு நின்றார்.

வெள்ளிக்கிழமை அப்பாவை எரித்தார்கள். சனிக்கிழமை நான் ரோல்ஸ் பொரித்து, தட்டில் அடுக்கி, ஆட்களுக்கு நீட்டினேன். விருந்துக்கு வந்திருந்த ஒரு அன்ரி, "ஏன் பிள்ளை கண் இப்பிடிச் சிவந்திருக்கு?" என்று கேட்டார். "வெங்காயம் உரிச்சனான், அன்ரி" என்றேன்.

அதன் பிறகு பதினான்கு வருடங்கள். கிளென் ஈடனில் சொந்த வீடு வாங்கினோம், இரண்டு பிள்ளைகள், எனக்கும் ஒரு வேலை. மச்சாள் வந்தால் தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். ஒரு சொல்லையும் மறக்கவில்லை.

நாடகத்தை மூன்று கிழமையில் எழுதினேன். தோற்றுப்போன சிற்றரசன் ஒருவன் சமாதானத்துக்காகத் தன் மகளை வென்ற அரசனுக்குக் கட்டிக் கொடுக்கிறான். இப்படிப் போன பெண்களைப் பற்றிப் பல்கலைக்கழகத்தில் படித்திருந்தேன். கல்வெட்டுகளில் வருவார்கள். இன்னாரின் மகள், இன்னாரின் தேவி, கோயிலில் அணையாத நந்தா விளக்கு எரிக்க, நெய்க்காகச் சாவா மூவாப் பேராடு கொடுத்தாள் என்று இருக்கும். யாரை நினைத்து அந்த விளக்கை எரித்தாள், எதற்கு அழுதாள் என்று ஒருவரும் கல்லில் வெட்டவில்லை. என் இளவரசிக்குத் தகப்பன் இறந்த செய்தி வருகிறது. அரண்மனையில் விழா. அரசனின் தாய் அவளைப் போக விடவில்லை. அரசன் மேடையில் நிற்பான், அவனுக்கு வசனமே இல்லை.

ராஜமாதாவுக்குப் பக்கம் பக்கமாக வசனம். மச்சாளின் சொற்களைச் செந்தமிழுக்கு மாற்றினேன். வேறொன்றும் செய்யவில்லை.

இளவரசியாக நடித்தது பாபகூராவிலிருந்து ரயிலில் வந்துபோன ஒரு நேர்ஸ், மதுரைப் பெண். ஒத்திகையில் அவள் கேட்டாள். "அக்கா, இவ்வளவு கேட்டுட்டு இந்தப் பொண்ணு ஒரு வார்த்தை திருப்பிப் பேசமாட்டாளா?"

"மாட்டாள்."

மச்சாளுக்கு வேறொரு குறை. "வசனம் நல்லாத்தான் இருக்கு. ஆனா கொஞ்சம் கூடிப்போச்சு. எந்த மனுசி செத்தவீட்டு நேரத்தில இப்பிடிக் கதைப்பா?"

"கதைப்பினம், மச்சாள்."

அவருக்கு ஞாபகமே இல்லை. அன்று சொன்னதைவிட அதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. அதுவரை ஒரு வரியை வெட்டலாமா என்ற யோசனை இருந்தது. வீட்டுக்குப் போய் இன்னும் இரண்டு வரி சேர்த்தேன். தோழி கேட்பாள், "கண்கள் ஏன் சிவந்திருக்கின்றன, தேவி?" இளவரசி சொல்வாள், "வெங்காயம் உரித்தேன்."

விழாவன்று மச்சாள் நன்றாக நடித்தார். முடியும் நகையுமாக நிமிர்ந்து நின்று, "இறந்தவர் எழுந்து வந்து வா மகளே என்று அழைக்கப் போகிறாரா?" என்றார். மூன்றாம் வரிசையில் கணவர் தலையைக் குனிந்தார். வெங்காயம் என்ற சொல் வந்ததும் முன் வரிசையில் இருந்த அந்த அன்ரி திரும்பி, ஓரமாக நின்ற என்னைத் தேடிப் பார்த்தார்.

நாடகம் முடிந்து தேத்தண்ணி குடிக்கும் இடத்துக்கு அன்ரி நேரே என்னிடம் வந்தார். மச்சாள் வேடம் கலைக்காமல் பக்கத்தில் நின்றார்.

"பிள்ளை, அந்த ஐம்பதாவது பிறந்தநாளுக்கு நீர் கண் சிவந்து நிண்டனீர். உம்மட அப்பா எப்ப செத்தவர்?"

"அதுக்கு மூண்டு நாளுக்கு முதல், அன்ரி."

சுற்றி நின்றவர்கள் எங்கள் பக்கம் திரும்பினார்கள். அன்ரி மச்சாளைப் பார்த்தார். "நாங்கள் எல்லாரும் சிரிச்சுச் சிரிச்சுச் சாப்பிட்டமே" என்று சொல்லி, கோப்பையை மேசையில் வைத்துவிட்டுப் போனார். மச்சாளின் முகத்தில் பவுடர் மட்டும் இருந்தது.

கார் நிறுத்திய இடத்துக்கு மச்சாள் என் பின்னால் வந்தார். "வேணுமெண்டுதானே எழுதினனீர்?"

"ஓம்."

"பதினாலு வருசமா இதை மனசில வைச்சிருந்தனீரே?"

"ஓம்."

கணவர் காரை ஓட்டிவந்து வீட்டு வாசலில் நிறுத்தினார். பிறகு, "நீர் அண்டைக்குப் போயிருக்கலாம்" என்றார்.

"அதை நீங்கள் அண்டைக்குச் சொல்லியிருக்கலாம்" என்றேன்.

அன்ரி வாயை மூடிக்கொண்டிருக்கவில்லை. மூடமாட்டார் என்று எனக்குத் தெரியும். அடுத்த கிழமை பாபகூரா வரைக்கும் கதை போய்விட்டது. மச்சாள் நாடகக் குழுவிலிருந்து விலகினார். கோயிலில் அவரைக் கண்டால் சிலர் செருப்புத் தேடுவதுபோல் விலகினார்கள். பார்த்து எனக்குப் பாவமாக இருந்தது என்று எழுதினால் அது பொய்.

இரண்டு மாதம் கழித்து மச்சாள் எனக்குப் போன் எடுத்தார்.

"நான் யோசிச்சுப் பாத்தன். உம்மை மன்னிச்சிட்டன்."

"நான் மன்னிக்கேல்ல, மச்சாள்."

அவர் ஏதோ சொல்லத் தொடங்கினார். அடுப்பில் கறி கொதித்துக்கொண்டிருந்தது. போனை வைத்துவிட்டுப் போய் உப்புப் பார்த்தேன்.