வேகாத கடலை

என் மாமனாருக்குக் காலில் சக்கரம் என்று எல்லாரும் சொல்வார்கள். என்னைக் கேட்டால் கையிலும் ஒரு சக்கரம் உண்டு. ஆயுசு முழுக்க லிஃப்ட் மெக்கானிக். ரிட்டையர் ஆன பிறகும் கை சும்மா இருக்காது. எங்கள் வீட்டுக்கு வந்தால் காபி ஆறுவதற்குள் ஏதாவது ஒரு குழாயைக் கழற்றிப் போட்டிருப்பார். "நல்லாத்தானே மாமா இருந்தது" என்றால், "நல்லா இருக்கும்போதே பாத்துடணும் மாப்பிள்ளை" என்பார். அப்புறம் அன்றைக்கு முழுக்க நாங்கள் பக்கத்து வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருப்போம்.

மாமியார் போன பிறகு அவர் எங்களுக்கு நாலு தெரு தள்ளி ஒரு பழைய அடுக்குமாடியில் தனியாக இருக்கிறார். என் மனைவிக்கு அது தொண்டையில் சிக்கிய முள் மாதிரி. போன மாதம் மனுஷன் பாலை அடுப்பில் வைத்துவிட்டு யார் வீட்டு மோட்டாரையோ பார்க்கப் போய்விட்டார். பாத்திரம் கரிக்கட்டை ஆகி, படிக்கட்டு முழுக்கப் புகை. எதிர்வீட்டு டீச்சர் போன் செய்ய, இவள் தன்னிடம் இருந்த சாவியை எடுத்துக்கொண்டு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். அன்றிலிருந்து "அப்பா, வீட்டைக் காலி பண்ணிட்டு எங்களோட வந்துடுங்க" என்று இவள் ஒரே பல்லவி. "எனக்கென்ன மூளை கலங்கிடுச்சா?" என்று அவர் எகிறுவார். நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்பது நான்.

கடைசியில் அவரே ஒரு பந்தயம் கட்டினார்.

"எங்க பில்டிங்ல பாட்லக் வருது. ஆளுக்கு ஒண்ணு சமைச்சு எடுத்துட்டு வரணும். எல்லாருக்கும் காய்கறி சூப் நான் வெக்கிறேன், ஒத்தை ஆளா. நல்லா வந்துச்சுன்னா இந்தப் பேச்சை நீ இனிமே எடுக்கக் கூடாது. சொதப்பிட்டேன்னா பெட்டியைக் கட்டிட்டு நானே வந்துடறேன். ஆனா ஒண்ணு, நடுவுல உளவு பாக்க வரக் கூடாது."

"வரமாட்டேன்" என்று இவள் கையில் அடித்துக் கொடுத்தாள். சூப்புதான் ஜெயிக்க வேண்டும் என்று நான் மனசுக்குள் வேண்டிக்கொண்டேன். மாமா மேல் பாசம் இல்லாமல் இல்லை. எங்கள் வீட்டுக் குழாய்கள் மேலும் எனக்குக் கொஞ்சம் பாசம் உண்டு.

அந்த நாளும் வந்தது. காலையிலிருந்து இவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. மடித்து வைத்த துணியை எடுத்து மறுபடி மடித்தாள். ஃப்ரிட்ஜைத் திறந்து பார்த்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள். எதற்கு இப்படிக் குட்டி போட்ட பூனை மாதிரி சுற்றுகிறாய் என்று கேட்டதற்கு என் மேல் பாய்ந்தாள். பிறகு கடைக்குப் போவதாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினாள். பை ஆணியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எனக்கு அப்போதே பொறி தட்டியது.

திரும்பி வந்தபோது மூச்சு வாங்கியது.

"வீட்ல ஆளே இல்லங்க. அடுப்பு பாட்டுக்கு எரியுது. மேல இவ்ளோ பெரிய பாத்திரம்."

"நீ என்ன பண்ணினே?"

"அணைச்சுப் பூட்டிட்டு வந்துட்டேன்."

"சிம்ல வெச்சிருந்தாரா?"

"சிம்மோ கிம்மோ, நெருப்பு நெருப்புதானே."

"உள்ள என்ன இருந்துச்சு?"

"கொண்டைக்கடலை. தண்ணி இன்னும் சூடுகூட ஏறல."

ஊறவைத்த கடலையானாலும் திறந்த பாத்திரத்தில் வேக யுகமாகும். தெரிந்தேதான் சிம்மில் வைத்துவிட்டுப் போயிருப்பார். "போன் பண்ணிச் சொல்லிடு" என்றேன். சொன்னால் உளவு பார்க்க வந்தாயா என்று குதிப்பார் என்றாள். குதிக்கட்டுமே என்றேன். போனைக் கையில் எடுத்தாள். வைத்தாள். மறுபடி எடுத்துக்கொண்டு பால்கனிக்குப் போனாள். நான் என் போனை எடுத்ததும் ஓடி வந்து பிடுங்கிக்கொண்டாள். "எனக்கும் எங்கப்பாவுக்கும் நடுவுல நீங்க வராதீங்க" என்றாள். எப்படியும் வந்து பார்த்துப் பற்ற வைத்துக்கொள்வார் என்று நானும் விட்டுவிட்டேன். ஆனால் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தபோது இரண்டு பேருக்குமே சோறு இறங்கவில்லை.

சாயங்காலம் அவர்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்து ஹாலுக்குப் போனோம். நீள மேஜைகளில் வரிசையாகப் பாத்திரங்கள். மாமாவின் சூப் பார்க்க ஜோராக இருந்தது. கேரட், உருளைக்கிழங்கு, முட்டைக்கோஸ், தக்காளி, மேலே தாராளமாக மிளகுத்தூள். வாசனை ஆளைத் தூக்கியது. முதல் வாய் வைத்த பல் டாக்டர், மாமாவோடு தினமும் வாயடிக்கிற மனுஷர், கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். "ரொம்ப நன்றிங்க. நாளைக்கு என் கிளினிக்ல கூட்டம் அள்ளப் போகுது" என்றார். ஹாலே சிரித்தது.

மற்ற நாளாக இருந்தால் மாமா ஒன்றுக்கு ரெண்டாகத் திருப்பிக் கொடுத்திருப்பார். அன்றைக்குக் கரண்டியைப் பாத்திரத்துக்குள் போட்டுவிட்டு எங்களிடம் வந்தார். ஒரு நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். நாலு பேர் கூடின இடத்தில் அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"தோத்துட்டேன்மா."

"கடலைதானேப்பா, காயெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"கடலையை விடு. காலைல அடுப்பைப் பத்த வெச்சு, சிம்ல வெச்சிட்டுதான் ரொட்டி வாங்கப் போனேன். பேக்கரிக்காரர் ஷட்டர் சிக்கிக்கிச்சுன்னார், அதைப் பாத்துட்டு வர நேரமாயிடுச்சு. வந்து பாத்தா பச்சைத் தண்ணியா கிடக்கு. கேஸ் தீந்துடுச்சோன்னு பாத்தேன், இல்ல. காத்துல அணைஞ்சிருக்குமோன்னு பாத்தேன், குமிழ் மூடித்தான் இருக்கு. அப்படின்னா நான் பத்த வெக்கவே இல்ல." தன் விரல்களையே பார்த்துக்கொண்டு பேசினார். "பால் கருகினது மறதி. செய்யாததைச் செஞ்சேன்னு நினைக்கிறது வேறம்மா. எனக்குப் பயமா இருக்கு. எப்ப வரட்டும், சொல்லு."

இவள் கேட்டுக் கேட்டு அலுத்துப்போனது தானாக மடியில் வந்து விழுந்திருந்தது. வாயை மூடிக்கொண்டு இருந்தால் போதும். எழுந்தாள், உட்கார்ந்தாள்.

"அப்பா, அணைச்சது நான்தான். காலைல வந்தேன். நீங்க இல்ல. பயந்துட்டேன். அணைச்சிட்டு, உங்ககிட்ட சொல்லாம போயிட்டேன்."

அவர் எகிறுவார் என்று காத்திருந்தேன். எகிறியிருந்தால் சந்தோஷத்தில் எழுந்துபோய் அவர் காலிலேயே விழுந்திருப்பேன். அவர் அவள் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"எனக்காகப் பொய் சொல்லாதம்மா."

"பொய் இல்லப்பா, சத்தியமா. இவரைக் கேளுங்க."

"ஆமா மாமா, வந்து எங்கிட்ட சொன்னா."

"நீங்களும் சேந்துக்கிட்டீங்களா மாப்பிள்ளை?"

"வெட்டின கேரட்டைத் தட்டு போட்டு மூடி ஜன்னல் பக்கம் வெச்சிருந்தீங்கப்பா. நான் பாத்தேன்."

"எப்பவுமே அங்கதானே வெப்பேன், உனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "வரமாட்டேன்னு கையில அடிச்சுக் குடுத்தா மாப்பிள்ளை. அப்படியே வந்திருந்தாலும் சொல்லாம போற பொண்ணு இல்ல. என்னைத்தான் எனக்குத் தெரியாம போச்சு. அவளை எனக்குத் தெரியும்."

இவள் அங்கேயே, அத்தனை பேர் நடுவில், முகத்தை மூடிக்கொண்டு அழ ஆரம்பித்தாள். அவர் நாற்காலியை அவள் பக்கம் நகர்த்திப் போட்டுக்கொண்டார்.

"அழாதம்மா. அதான் வரேன்னு சொல்லிட்டேனே" என்றார்.