கடைசி வரிசைக்குக் கேட்ட மூச்சு

அறுவை சிகிச்சை முடிந்து கண் விழித்ததும் தண்ணீர் கேட்டேன். வெறும் காற்றுதான் வந்தது.

தைராய்டில் (கழுத்தின் முன்புறச் சுரப்பி) ஒரு கட்டி. அதை எடுத்தபோது குரல் நாணுக்குப் போகும் நரம்பு அடிபட்டுவிட்டது. இப்படி நேரலாம் என்று முன்பே சொல்லித்தான் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். குரல் திரும்பலாம், திரும்பாமலும் போகலாம் என்றார் மருத்துவர்.

அமெரிக்காவில், டெக்சாஸின் பேர்லேண்டில் குடியேறிய எங்களைப் போன்றவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறை நானும் செய்தேன். கோபியில் தனியாக இருக்கும் அம்மாவிடம் எதையும் சொல்லவில்லை. ஞாயிறுதோறும் கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டு, வீடியோவில் "சளிம்மா" என்று கிசுகிசுத்தேன். டெக்சாஸ் வெயிலில் என்ன சளியோ. அம்மாவும் வாராவாரம் கஷாயத்துக்குப் பக்குவம் சொன்னார்.

கிசுகிசுப்பது குரலுக்கு ஓய்வு என்று நினைத்திருந்தேன். அதுதான் தொண்டையை இன்னும் இறுக்குகிறது என்றார் பேச்சுப் பயிற்சியாளர். இதே நிலையில் இருப்பவர்களுக்கும் அதையே சொல்கிறேன். மூச்சை விட்டு, அதன்மேல் சொல்லை வைக்க வேண்டுமாம். எனக்குப் பிடிபடவில்லை.

பிடிபட வைத்தவர் ஓர் ஆங்கிலேய நடிகர். பெயர் வேண்டாம், அவருடைய ரசிகர்கள் வாதத்துக்கு வருவார்கள். பேச முடியாத அந்த மாதங்களில் அவருடைய நாடகப் பதிவுகளையும் படங்களையும் வரிசையாகப் பார்த்தேன். சிற்றூர் அரங்குகளில் வசனமில்லாத காவலனாக ஈட்டி பிடித்து நின்றவர், லண்டன் மேடையில் அரசனாகி, நரைத்த பிறகே சினிமாவுக்கு வந்தார். இளமையில் தொண்டை கிழியக் கத்துகிறார்; எனக்கே வலித்தது. வயதாக ஆகக் குரல் தணிகிறது. ஒவ்வொரு வசனத்துக்கு முன்பும் வயிறு நிறைய ஒரு மூச்சு. அந்தத் தணிந்த சொல் கடைசி வரிசைவரை போய்ச் சேர்கிறது. என்ன மனிதர் இவர் என்று வியந்து வியந்து பார்த்தேன்.

"ஏன் அதே சீனையே ரீவைண்ட் பண்ணிட்டிருக்க?" என்றார் கணவர்.

'மூச்சைப் பார்க்கிறேன்' என்று எழுதிக் காட்டினேன்.

ஏழாம் மாதம் குரல் வந்தது. பழைய குரல் இல்லை. கனத்த, கொஞ்சம் கரகரப்பான குரல். அந்த ஞாயிறு துப்பட்டா இல்லாமல் உட்கார்ந்தேன்.

"அம்மா, நாந்தான்."

அம்மா தழும்பைப் பார்த்தார்.

"கழுத்துலயா கண்ணு ஆபரேசன் பண்ணுனாங்க?"

"உனக்கு எப்பம்மா தெரியும்?"

"மொத வாரமே தெரியும். அந்த வெயில்ல கழுத்துல துப்பட்டாவச் சுத்திட்டு சளின்னா நம்புவனா? நீயாச் சொல்லட்டும்னு கஷாயம் சொல்லிட்டு இருந்தேன். இப்ப எப்படி இருக்குது?"

நான் கண்ட நடிகர்களிலேயே பெரியவர் கோபியில் இருந்திருக்கிறார். பதிலுக்கு முன் வயிறு நிறைய மூச்சு இழுத்தேன். முன்பெல்லாம் அம்மாவை முந்திக்கொண்டு பேசுவேன், இப்போது அவசரமில்லை. மூச்சு நிறையும்வரை அம்மா காத்திருந்தார்.