வெறும் பாத்திரம்

சங்கரன் ரிடையரான மறுவருஷமே அவருடைய முழங்கால்களும் ரிடையராகிவிட்டன. செம்பூர் வீடு நான்காவது மாடி, லிஃப்ட் கிடையாது. அதை விற்றுவிட்டு, லிஃப்ட் உள்ள கட்டடத்தில் ஒற்றைப் படுக்கையறை வீடாகச் சான்பாடாவில் வாங்கினார். அதன் சமையலறையில் மனைவி விஜயலக்ஷ்மி நின்றால் சங்கரன் வெளியேதான் நிற்க வேண்டும். அவர் என்றைக்கு உள்ளே நின்றார்? அதில் அவளுக்கு ஆட்சேபம் இல்லை.

பயம்தான் இருந்தது. சான்பாடாவில் தெரிந்த முகம் ஒன்றுகூட இல்லை. செம்பூரில் கீழே போய்க் கொத்தமல்லி வாங்கிவரவே அரைநாள் ஆகும். வழியில் அத்தனை பேரிடம் நின்று பேசியாக வேண்டும். இந்த ஜனங்கள் தன்னை மறந்துவிட்டால்? இதைச் சொன்னால், ஃபோன் இருக்கிறதே என்பார் சங்கரன். அதனால் சொல்லவில்லை.

எப்படியும் பாதிப் பாத்திரங்களைக் கழித்தாக வேண்டும். எடைக்குப் போடுவதைவிட, கட்டடத்தில் வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தால், குழம்பைக் கிண்டும்போதாவது தன்னை நினைப்பார்கள் என்று கணக்குப் போட்டாள்.

ஆனால் ஒரு வீட்டுக்கு வெறும் பாத்திரத்தைக் கொடுக்கக் கை வருமா? தூக்கில் ரவா லாடு, அடுக்கில் புளியோதரை, சம்படத்தில் தட்டை என்று நிரப்பி அனுப்பினாள். பாத்திரமும் உங்களுக்குத்தான் என்று சொல்லக் கூச்சம். பழசைத் தலையில் கட்டுகிறாள் என்று நினைத்துவிட்டால் என்ன செய்வது?

இரண்டே நாளில் எல்லாம் திரும்பி வந்தன, பளபளவென்று தேய்த்து, கழுத்துவரை நிரம்பி. பூமாரி வீட்டு முந்திரிக்கொத்து, ரஷீதா வீட்டு மாங்காய் ஊறுகாய், பக்கத்து வீட்டு ரஞ்சனா பலாப்பழத்தில் கிளறிய சக்கவரட்டி.

"பாத்திரத்தக் குறைடீன்னா, கடை போட்டு வெச்சிருக்கே" என்றார் சங்கரன்.

விஜயலக்ஷ்மிக்குக் கோபம்தான் வந்தது. ஒரு தூக்கு அளவுக்குக்கூடத் தன் ஞாபகம் இவர்களுக்கு வேண்டாமா? வந்த கோபத்தில் ஒரு காலி உருளியைத் தூக்கிக்கொண்டு ரஞ்சனாவின் வீட்டுக்குப் போனாள்.

"இந்தா, உள்ளே ஒண்ணும் இல்லை. திருப்பித் தரப்படாது. நீயே வெச்சுக்கோ."

ரஞ்சனா கையை நீட்டவில்லை. "வெறும் பாத்திரத்தக் குடுத்துட்டுப் போறேளே மாமி, இனிமே இந்தப் பக்கமே வரமாட்டேளா? எனக்கு வேண்டாம். எடுத்துண்டு போங்கோ."

சொல்லும்போதே அவள் கண் நிறைந்துவிட்டது. விஜயலக்ஷ்மியும் அங்கேயே நின்று அழுதாள். வீடு விற்ற நாளிலிருந்து அன்றைக்குத்தான் அவளுக்கு நிம்மதி.

ஆக, ஒரு கரண்டிகூடக் குறையாமல் டெம்போ சான்பாடா வந்து சேர்ந்தது. கட்டிலுக்கடியில் அண்டா, வாஷிங் மெஷின் தலையில் அடுக்குகள். சங்கரன் சொந்த வீட்டில் பக்கவாட்டில் நடக்கப் பழகிக்கொண்டார். ஒரு வாரம் சாதமும் ரசமும்தான் வீட்டுச் சமையல். மற்றதெல்லாம் செம்பூர் உபயம்.

சம்படங்கள் காலியானதும் விஜயலக்ஷ்மி ஒரு பேசின் நிறைய முறுக்கு மாவு பிசைந்தாள்.

"ரெண்டு பேருக்கு இத்தனையா?" என்றார் சங்கரன்.

"செம்பூர் போயிட்டு வரணும். எல்லாராத்துக்கும் பதில் செய்ய வேண்டாமா?"

"பாத்திரமெல்லாம் நம்மளதுதானேடீ."

"பாத்திரம் நம்மளது. உள்ளே இருந்தது அவாளோடது."