பெட்டியில் போடப்போகும் தாள்

இன்று காலை கோட்டுச்சேரியிலிருந்து காரைக்காலுக்குப் பேருந்தில் வந்தேன்.

பக்கத்து வரிசையில் ஒரு பெண், மடியில் அட்டை வைத்து விடாமல் எழுதிக்கொண்டிருந்தார். நான் பத்திரிகை நிருபர்; தொழில் புத்தி, எட்டிப் பார்த்தேன். தாளில் ஓர் எழுத்துகூட இல்லை. வெறும் சுழிகளும் அலைகளும். ஆனால் வரி பிசகாமல், ஓரத்தில் இடம் விட்டு எழுதியிருந்தார்.

"என்னம்மா எழுதுறீங்க?"

"மாதா கோயில் பெட்டியில போடுற மனுங்க. வீட்டுக்காரரு கடலுக்குப் போயி எட்டு நாளாச்சு. படகு இன்னும் கரைக்கு வரலை."

டிக்கெட் கிழித்துக்கொண்டிருந்த கண்டக்டர் குனிந்து பார்த்தார். "ஏம்மா, இது மாதாவுக்குப் புரியுமா?"

"டாக்டர் கிறுக்குறது மருந்துக்கடைக்காரருக்குப் புரியுதுல்ல? உங்க வேலையப் பாருங்கண்ணே."

நான் சொன்னேன்: "சொல்லுங்க, நான் எழுதித் தர்றேன்."

"வேணாங்க. மொத நாளு பக்கத்து வீட்டுப் பொண்ணு எழுதித் தந்துச்சு. நாலே வரியில முடிஞ்சிபோச்சு. நானா எழுதுனா பக்கம் பத்தமாட்டேங்குது."

அந்தப் படகைப் பற்றி மூன்று நாளுக்கு முன் செய்தி கொடுத்தவன் நான். அதுவும் நான்கு வரிதான். அதை அவரிடம் சொல்லவில்லை.

அவர் மாதா கோயில் நிறுத்தத்தில் இறங்கிப் போனார்.

அலுவலகத்தில் நானும் ஒரு தாளை எடுத்துச் சும்மா சுழித்துப் பார்த்தேன். மூன்றாவது வரியில் கை தானாகவே, செய்தி தொடங்குவதுபோல "காரைக்கால்:" என்று எழுதிவிட்டு நின்றது.

உங்களில் யாருக்காவது எழுத்து வராமல் எழுத வருகிறதா?