உப்புமாவாய்ப் போன ரவை

மதராஸிலிருந்து வந்த அந்தப் பாகவதர் கடைசிவரை என் பெயரைக் கேட்கவேயில்லை. "ஓய் மிருதங்கம்!" என்பார், ஏதோ பெட்டி தூக்குகிறவனைக் கூப்பிடுகிற மாதிரி. அவரோடு வந்த மிருதங்கக்காரர் கப்பலிலேயே காய்ச்சலில் படுத்துவிட்டதால், கோலாலம்பூரிலிருந்த என்னைப் பிடித்துப் போட்டிருந்தார்கள். ஐம்பதுகளின் நடுவில் நடந்த கூத்து இது.

சிங்கப்பூர் போகும் பகல் ரயிலில் அவர் தின்றார், தூங்கினார், மறுபடி தின்றார். ஜொகூர் பாலத்தின்மேல் போகும்போது வாழைப்பழத் தோலை ஜன்னல் வழியே வீசிவிட்டுத் தீர்ப்பு வழங்கினார்:

"இன்னிக்கு சிங்கப்பூர்ல உம்ம கையைப் பாக்கறேன். பிடிச்சா மலாயா பூரா நீர்தான். இல்லேன்னா நாளைக்கே ரயிலேறிடும்."

பயம் வந்தால் ஜோக்கடிப்பது என் வியாதி. இரண்டு அடித்தேன். அவர் கொட்டாவி விட்டார்.

சிராங்கூன் சாலைப் பக்கம், கச்சேரிக்கு ஏற்பாடு செய்திருந்த சங்கத்தின் செயலாளர் வீடு. எங்கள் பைகளை வாங்கி உள்ளே வைத்தார்கள். நாங்கள் குளித்துவிட்டு வந்தபோது சுடச்சுட உப்புமா. பிரமாதம். நான் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கித் தின்றேன்.

கச்சேரி ஊரின் மறுகோடியில், ஆற்றோரத்து மண்டபத்தில். மேடைக்குப் பின்னால் உட்கார்ந்து, மிருதங்கத்தின் இடப்பக்கம் அப்புவதற்காக ரவைப் பொட்டலத்தைத் தேடினேன். அந்த ஈர ரவை இல்லாவிட்டால் தொப்பி என்கிற அந்த இடப்பக்கம் முழங்காது. பிஸ்கெட் டின்னைத் தட்டினதுபோல் இருக்கும். பை காலி.

"ரவையா? பாகவதருக்குன்னுதான் கொண்டு வந்தீங்கன்னு வீட்ல உப்புமா கிண்டிட்டாங்க லா," என்றார் செயலாளர், இந்தப் பக்கத்து 'லா'வோடு. "நீங்கதானே ரொம்ப ரசிச்சுச் சாப்பிட்டீங்க!"

பட்டு ஜிப்பாவோடு தெருவில் ஓடினேன். உடம்பில் ஓடத் தெரியாத உறுப்புகள்கூட ஓடின. திறந்திருந்தது ஒரே ஒரு பரோட்டாக் கடை.

"அண்ணே, வெறும் மாவு குடுங்க."

"எல்லாம் பிசைஞ்சு எண்ணெயில ஊறுது லா. சுட்டுத் தரவா?"

"வேணாம், பச்சையா குடுங்க."

கடைக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "வூட்ல சண்டையா அண்ணே?"

எண்ணெய் மாவு தோலில் ஒட்டாது என்பது எந்தக் கற்றுக்குட்டிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அப்பினேன். இரண்டாவது பாட்டிலேயே அது வழுக்கிக்கொண்டு இறங்கி என் மடியில் பொத்தென்று விழுந்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை கைகொட்டிச் சிரித்தது. அன்றைக்கு அந்த மண்டபத்தில் கண்ணும் காதும் உள்ள ஒரே ஜீவன் அதுதான். மீதிக் கச்சேரி முழுக்க டப் டப்பென்று டின் சத்தம். கோட்டுப் போட்ட சங்கத்துக்காரர்கள் அடிக்கு ஒருதரம் தலையாட்டினார்கள், அதுவும் தப்புத் தாளத்தில். நான் மனத்துக்குள் கோலாலம்பூருக்குப் பெட்டி கட்டிவிட்டேன்.

மங்களம் முடிந்ததும் பாகவதர் திரும்பினார்.

"ஓய் மிருதங்கம்! இடது கை என்னமா பேசறது! இந்த நாதம் மதராஸ்ல எவன்கிட்டயும் இல்லை. பூரா டூரும் நீர்தான். இதே நாதம் வேணும், ஆமா."

ஒரு நாள் முழுக்க நான் பயந்து செத்தது இந்தக் காதுகளுக்குத்தான்!

அடுத்த ஊர் மலாக்கா. செயலாளரின் மனைவி கொடுத்தனுப்பிய புது ரவைப் பொட்டலம் பத்திரமாகப் பையில் இருந்தது. நான் பஸ்ஸைவிட்டு இறங்கியதும் பரோட்டாக் கடை எங்கே என்று விசாரித்தேன்.