டாக்டர் அம்மாவின் தாயார் பாடிய பாட்டு

கறுப்பு வெள்ளைப் படத்தில் ஒரு பெண் ஊஞ்சலில் இருந்தபடி பாடுகிறாள். பக்கத்தில் கணவன் வேடம் போட்ட தொப்பைக்காரர் வழுக்கி வழுக்கி விழுகிறார். பேசும்படம் வந்த புதிதில் எடுத்த சிரிப்புப் படம் அது. மற்றதெல்லாம் அழிந்து, எஞ்சியது இந்தச் சில நிமிடங்கள்தான். டாக்டர் அம்மாவின் மடியில் இருந்த டேப்லெட்டில் அதைப் பார்த்தேன். பாடுகிறவர் அவருடைய தாயார்.

லண்டனில், ரெய்னர்ஸ் லேனில் தனியாக இருந்த டாக்டர் அம்மா சென்னைக்காரர். நான் யாழ்ப்பாணத்தாள், வீடு வீடாகப் போய் முதியவர்களைப் பராமரிக்கிறவள். ஒரு வீட்டுக்குக் கவுன்சில் தருவது அரை மணித்தியாலம். அதற்குள் குளிப்பாட்டி, உடுப்பு மாற்றி, குளிசை கொடுத்து, தேத்தண்ணி வைத்து, செய்ததையெல்லாம் போனில் பதிந்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓட வேண்டும். பதினைந்து வருடம் ஓடியதில் முழங்கால் தேய்ந்ததுதான் மிச்சம்.

கல்யாணத்துக்குப் பிறகு அந்தத் தாயாரை நடிக்கவோ பாடவோ விடவில்லை. வீட்டில் அவர் முணுமுணுத்துக்கூட மகள் கேட்டதில்லையாம். டாக்டர் அம்மாவின் பேரன் இந்தப் படத் துண்டைத் தேடிப் பிடித்து அனுப்பியபோது அவருக்கு இரண்டு காதும் போய்ப் பத்து வருடம். எதையும் கொப்பியில் பெரிய எழுத்தில் எழுதித்தான் அவருக்குச் சொல்ல வேண்டும்.

"அப்போல்லாம் நடிக்கறவங்களேதான் பாடணும். அது எங்கம்மா குரலேதான். எப்படி இருக்குன்னு கேட்டுச் சொல்லும்மா" என்றார்.

சப்பாத்தைப் போட்டுக்கொண்டே இரண்டு வரி கேட்டேன். 'தேன் மாதிரி இருக்கு' என்று எழுதினேன். அவர் வாசித்துவிட்டுக் கொப்பியை மூடினார்.

"எங்கம்மாவே சொல்லியிருக்கா, தன் குரல் தகரம்னு. நீயும் பொய் சொன்னா நான் யார் காதை நம்பறது?"

மனம் சுட்டது. என்ன செய்ய, களைத்தவளுக்குப் பொய்தான் கிட்டடி வழி.

பிறகு ஒரு கிழமை அவர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை. அது எனக்குத் தாங்கவில்லை. ஒரு வெள்ளிக்கிழமை, பஸ் போனால் போகட்டும் என்று கதிரையை இழுத்துப் போட்டு இருந்து, முழுப் பாட்டையும் கேட்டு எழுதினேன்: 'குரல் கரகரப்பு. இரண்டாம் வரியில சுருதி விலகுது. அந்த மனுசன் விழுந்ததும் உங்கட அம்மாவுக்குச் சிரிப்பு வந்திட்டுது. அடக்க ஏலாமல் ஒரு வரியை விட்டிட்டா. ஆரும் திருப்பி எடுக்கேல்லை.'

வாசிக்க வாசிக்க டாக்டர் அம்மா சிரிக்கத் தொடங்கினார். படத்தில் கேட்ட அதே சிரிப்பு. 'இப்ப நீங்கள் சிரிச்ச மாதிரியேதான் அவவும் சிரிச்சவ' என்று அவசரமாக எழுதினேன்.

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"நான் எப்படிம்மா சிரிக்கிறேன்?"

அடுத்த வீட்டில் ஒருவர் காலைச் சாப்பாட்டுக்குக் காத்திருந்தார். 'திங்கள் எழுதுறன்' என்று எழுதிவிட்டு ஓடினேன். திங்கட்கிழமை ஏஜென்சி என்னை வெஸ்ட் ஈலிங் பக்கம் மாற்றிவிட்டது. லீவு நாளில் ஒரு நடை போய்ச் சொல்லியிருக்கலாம். லீவு நாளில் நான் படுத்துக் கிடந்தேன்.

முதலில் மூக்கால் ஒரு சின்னக் கனைப்பு. பிறகு சத்தமே இல்லாமல் தோள் மட்டும் குலுங்கும். அதன் பிறகுதான் அந்தக் கரகரத்த சிரிப்பு, படியில் உருளும் செம்பு மாதிரி. இவ்வளவுதான், எழுத இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. வாசிக்க டாக்டர் அம்மா உயிரோடு இல்லை.